நாயக்கன்கொட்டாய்: சிலையை வாசித்தல்

தர்மபுரி பக்கத்தில் நாயக்கன்கொட்டாய் என்று ஒரு ஊர். அங்கே ரெண்டு சிலைகள் நிற்கின்றன. ஒன்று அப்புவினுடையது. கோவை வட்டாரத் தொழிற்சங்க வேலையிலிருந்து வந்து, தமிழ்நாட்டில் நக்சல்பாரிக் கட்சியைக் கட்டிய முதல் தலைமுறைக்காரர் அவர். இன்னொன்று பாலனுடையது. இந்த மேட்டு மண்ணில் கிராமம் கிராமமாக அலைந்து வேலை செய்தவர். போலீஸ் பிடித்து அடித்ததில் 1980 செப்டம்பர் 12 அன்று செத்தவர். வருசா வருசம் செப்டம்பர் 12 வந்தால் சிவப்புக் கொடியோடு தோழர்கள் அங்கே கூடுவதுண்டு. ஒரு கட்சியாக இல்லை, பல குழுக்களாக. ஒவ்வொரு குழுவுக்கும் தனி மாலை, தனி முழக்கம், தனித் துண்டறிக்கை. பாலனின் உண்மையான வாரிசு நாங்கள்தான் என்று ஒவ்வொரு துண்டறிக்கையும் சொல்லும்.

கூப்பிடு தூரத்தில் நத்தம் காலனி. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று சேரிகள் ஒரே சாயங்காலத்தில் கொளுத்தப்பட்டன. 250க்கும் மேற்பட்ட வீடுகள். சேரிப் பையன் இளவரசனும் வன்னியர் பெண் ஒருத்தியும் கல்யாணம் செய்துகொண்டார்கள். பெண்ணின் அப்பா தூக்கில் தொங்கினார். பிணத்தை ரோட்டில் வைத்துக்கொண்டு கூட்டம் சேர்ந்தது. மரத்தை வெட்டிப் போட்டுப் பாதையை மறித்தார்கள். அப்புறம் நெருப்பு. அடுத்த வருசம் ஜூலை 4 அன்று தர்மபுரியில் ரயில் தண்டவாளத்து ஓரம் இளவரசன் பிணமாகக் கிடந்தார்.

இந்த ரெண்டையும், சிலையையும் சாம்பலையும், தனித்தனியாகத்தான் எல்லாரும் வாசிக்கிறார்கள். சிலையைப் பற்றி எழுதுகிறவர்கள் சாம்பலை ஒரு பின்குறிப்பாகச் சேர்க்கிறார்கள். சாம்பலைப் பற்றி எழுதினவர்கள், 'அட, இது நக்சலைட்டுகள் இருந்த ஊராச்சே' என்று ஒரு வரி வியந்துவிட்டு நகர்ந்தார்கள். அந்த வியப்பே கோளாறானது. இங்கே நடந்தது ஒரே எழுச்சி, அதில் இருந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே நோக்கம், அது பிற்பாடு எப்படியோ கெட்டுப்போச்சு என்று நினைத்தால்தான் வியக்கத் தோன்றும். நாம் கேட்பது வேறு. அந்தக் கொடிக்குக் கீழே எத்தனை பேர், எத்தனை காரணத்துக்காக நின்றார்கள்?

1

இந்த எழுச்சியைப் பற்றி இதுவரை நமக்குக் கிடைக்கிற பிரதிகளை நாலு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது போலீஸ் பிரதி. இது 1980 ஆகஸ்ட் 6 அன்று திருப்பத்தூரில் தொடங்குகிறது. பிடித்துக் கொண்டுபோன நக்சலைட் ஒருவர் காருக்குள் குண்டை வெடிக்கச் செய்ததில் இன்ஸ்பெக்டர் பழனிச்சாமியும் காவலர்களும் இறந்தார்கள். எம்.ஜி.ஆர். ஆட்சி. அந்த இன்ஸ்பெக்டரின் மகள் பேரில் 'ஆபரேஷன் அஜந்தா'. வால்டர் தேவாரம் தலைமையில் வடஆற்காடு, தர்மபுரி மாவட்டங்களில் வேட்டை. 'மோதல்' என்ற பேரில் வரிசையாக இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். விசாரிக்கப் போன மனித உரிமைக்காரர்களையும் விட்டுவைக்கவில்லை. இந்தப் பிரதிக்கு நோக்கம் பற்றிய கேள்வியே கிடையாது. குற்றவாளி, அவ்வளவுதான். ஆகஸ்ட் 6க்கு முன்னாடி அந்த ஊர்களில் வட்டி என்ன, கூலி என்ன, டீக்கடையில் யாருக்கு எந்த டம்ளர் என்பது அதில் ஒரு வரிகூட வராது.

ரெண்டாவது கட்சிப் பிரதி. வீரவணக்க வெளியீடுகள், நினைவு மலர்கள், மேடைப் பாட்டுகள். இதில் மக்கள் உண்டு, ஆனால் 'மக்கள்' என்ற ஒரே சொல்லாக. அதிகம்போனால் 'உழைக்கும் மக்கள்', 'கூலி ஏழை விவசாயிகள்'. கூலிக்கும் ஏழை விவசாயிக்கும் நடுவில் ஒரு தெரு இருக்கிறது, அந்தத் தெருவுக்கு ஒரு பேர் இருக்கிறது என்பதை அந்த வெளியீடுகள் தொட்டுவிட்டு ஓடிவிடும்.

மூன்றாவது தமிழ்த்தேசியப் பிரதி. இதன் நாயகன் தமிழரசன். நக்சல்பாரியிலிருந்து கிளைத்துத் தமிழக விடுதலைக்குப் போனவர். சமீபத்தில் சினிமாவும் இந்தப் பிரதிக்குள் வந்துவிட்டது. வெற்றிமாறனின் 'விடுதலை' ரெண்டு பாகங்களையும் (2023, 2024) பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள் தமிழரசன் பேரையும் புலவர் கலியபெருமாள் பேரையும் தேடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் சினிமா தேடச் சொல்வது தலைவரை. சேரியை யார் தேடுவது?

நாலாவது எழுதப்படாத பிரதி. சாதிச் சங்கத்தினுடையது. ஒரு காலத்தில் நம்ம பையன்கள் சிவப்புக் கொடி பிடித்தார்கள், அப்புறம் புத்தி வந்து சொந்தச் சனத்துக்கு உழைத்தார்கள் என்பது அதன் கதைச் சுருக்கம். இதை யாரும் அச்சில் போடுவதில்லை. திண்ணையில் பேசுகிறார்கள். ஆனால் நாலு பிரதிகளில் தர்மபுரியில் ஜெயித்தது இதுதான் என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

நாலிலும் இல்லாதது ஒன்றே ஒன்று. சேரிக்காரன் எதுக்காக அந்தக் கட்சிக்குள் போனான், என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று அவனே சொல்வது.

2

கோஷ்டிகளின் கதையைச் சுருக்கிவிடலாம். 1967 நக்சல்பாரி. 1969 ஏப்ரல் 22 அன்று இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி (மா-லெ). 1972 ஜூலையில் சாரு மஜும்தார் போலீஸ் பிடியில் இறந்ததும் கட்சி துண்டு துண்டாகச் சிதறியது. தனிநபர் அழித்தொழிப்பு சரியா, மக்கள்திரள் அமைப்பு கட்ட வேண்டுமா? சீனக் கட்சி இப்போது எந்தப் பக்கம்? இந்தியா அரை நிலப்பிரபுத்துவமா, வேறா? தேசிய இனங்களுக்குப் பிரிந்துபோகும் உரிமையை எப்படி வைப்பது? இந்தக் கேள்விகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு பிறந்தது. தமிழ்நாட்டில் கோதண்டராமன் தலைமையிலான குழு, ஆந்திராவில் கொண்டபள்ளி சீதாராமையா குழுவோடு சேர்ந்து 1980ல் மக்கள் யுத்தம் ஆனது. மாநில அமைப்புக் கமிட்டி தனி வழி. லிபரேஷன் குழு தனி வழி. தமிழரசன் தனி வழி.

இந்த விவாதங்களைக் கேலி செய்யவில்லை. அதற்காக உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். கட்சியை உடைக்கிற அளவுக்கு முக்கியமானவை என்று நினைத்த கேள்விகளின் பட்டியலில் சாதி இல்லை. சீனாவுக்காகப் பிரிந்தார்கள். ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிற பிரிவுக்காக ஒரு குழுவும் பிரியவில்லை. ஏன்? அந்தக் கேள்வியில் எல்லாக் குழுக்களும் ஒத்துப்போனார்கள். அது புரட்சிக்கு அப்புறம் தீர்கிற விஷயம்!

இப்போது தர்மபுரிக்கு வருவோம். இது தஞ்சாவூர் இல்லை. ஆயிரம் வேலி மிராசுகள் இங்கே கிடையாது. மானாவாரி நிலம், கிணற்றுப் பாசனம், ராகி, சாமை, நிலக்கடலை. ரெண்டு மூணு ஏக்கர் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற சிறு விவசாயிகள்தான் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் வன்னியர்கள். அவர்களின் எதிரி நிலப்பிரபு அல்ல, வட்டிக்காரன். பத்திரம் அவனிடம், நகை அவனிடம், வட்டி கட்டியே கிணறு வறண்டுபோகும். கட்சி வந்து வட்டிக்காரனைக் கூப்பிட்டு விசாரித்தது, அடமானத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தது. அந்தச் சம்சாரி வீட்டுப் பையன் கட்சிக்கு வந்தான். நியாயமான கோபம், நியாயமான வருகை.

சேரிக்காரனுக்கும் கடன் உண்டு. ஆனால் அவன் முதலில் பார்த்தது டம்ளரை. டீக்கடையில் அவனுக்குத் தனி டம்ளர், குடிச்சிட்டு அவனே கழுவி வைக்கணும். தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது, சைக்கிள் ஏறக் கூடாது. கட்சி அந்த டம்ளரை உடைத்தது. சும்மா சொல்லவில்லை, உடைத்தது. ஊர்க்காரப் பையன்களும் சேரிப் பையன்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கிளாசில் குடித்த காலம் ஒன்று இந்த மாவட்டத்தில் இருந்தது. திராவிட ஆட்சிகள் சட்டத்தால் செய்யாததைக் கட்சி செய்தது. அதை மறந்துவிட்டு எழுதுகிற தலித் விமர்சனம் நன்றி கெட்டதாகத்தான் இருக்கும்.

ஆக, ஒரே கூட்டத்தில் ரெண்டு பசி. ஒருத்தனுக்குக் கடன்பத்திரம், இன்னொருத்தனுக்கு மானம். கட்சி ரெண்டுக்கும் 'வர்க்கப் போராட்டம்' என்று ஒரே பேர் வைத்தது. பேர் ஒன்றாக இருந்ததால் பசியும் ஒன்று என்று நம்பிவிட்டது.

வட்டிக்காரன் வெளியாள். அவனை அடிக்க ரெண்டு பேரும் சேர்ந்து போகலாம். டீக்கடை ரோட்டில் இருக்கிறது. அங்கே ஒரே கிளாசில் குடிச்சால் யார் சொத்தும் குறையாது. சாதி இருக்கிற இடமோ வீட்டுக்குள். அடுப்படியில், சாவு வீட்டில், பொண்ணு கட்டுகிற இடத்தில். கட்சிக் கூட்டம் முடிந்ததும் ஒருத்தன் ஊருக்கும் ஒருத்தன் சேரிக்கும் திரும்பினான். திரும்பின வீட்டில் அவன் அம்மாவிடம், அக்காவிடம், பெண்டாட்டியிடம் யாரும் அரசியல் பேசவில்லை. தோழர்களுக்குள் சாதி மறுப்புக் கல்யாணங்கள் நடந்ததும் உண்டு. ஆனால் அவை கட்சிக் கல்யாணங்கள், தலைமறைவு வாழ்க்கையின் கல்யாணங்கள். ஊர் தன் பெண்ணை மனசார அனுப்பிவைத்த கல்யாணங்கள் இல்லை. வர்க்க ஒற்றுமை டீக்கடை வரைக்கும் வந்து, வாசற்படியில் நின்றுவிட்டது. 2012ல் இளவரசன் அந்த வாசற்படியைத்தான் தாண்டினார்.

3

காலக்கணக்கைப் பாருங்கள். 1980 ஜூலை 20, வன்னியர் சங்கம் தொடங்கப்படுகிறது. 1980 செப்டம்பர் 12, பாலன் சாகிறார். நடுவில் ரெண்டு மாசம்கூட இல்லை. ஒன்றால்தான் இன்னொன்று வந்தது என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு கதவை அரசாங்கம் துப்பாக்கியால் மூடின நேரத்தில் பக்கத்தில் இன்னொரு கதவு திறந்திருந்தது. அந்தக் கதவு வன்னியர் வீட்டுப் பையனுக்கு மட்டும் திறந்தது.

1987லும் அப்படியே. செப்டம்பர் 1 அன்று பொன்பரப்பியில் வங்கிக்குப் பணம் எடுக்கப் போன தமிழரசனும் தோழர்களும் கூட்டத்தால் அடித்துக் கொல்லப்படுகிறார்கள். அதே மாசம் 17ஆம் தேதி வடமாவட்டங்களில் வன்னியர் சங்கத்தின் ஒரு வாரச் சாலை மறியல் தொடங்குகிறது. மரத்தை வெட்டி ரோட்டில் போட்டார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்த ஒரு வாரத்தில் சேரிகளும் எரிந்தன. 1989ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் கிடைத்தது. கட்சி பல வருசம் பாடுபட்டுக் கொடுக்க முடியாததைச் சங்கம் கொடுத்தது. ஒரு ஏழை வன்னியச் சம்சாரியின் கண்ணிலிருந்து பார்த்தால் அவன் எடுத்த முடிவைத் துரோகம் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அவன் எதுக்காகச் சிவப்புக் கொடி பிடித்தானோ, அதுக்காகவே மஞ்சள் கொடியும் பிடித்தான். அவன் நோக்கம் மாறவே இல்லை. கொடிதான் மாறியது.

சேரிக்காரன் எங்கே போனான்? கொஞ்ச காலம் எங்கேயும் போகவில்லை. போலீஸ் கணக்கில் நக்சலைட், ஊர்க் கணக்கில் கீழ்ச்சாதி. அப்புறம் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறினான். கட்டட வேலை, பனியன் வேலை. ஊர் நிலத்தை நம்பாமல் சம்பாதித்தான். ஓட்டு வீடு போய் மாடி வீடு வந்தது. பீரோ, பைக், பிள்ளைக்குக் காலேஜ். இன்னொரு பக்கம் அம்பேத்கர் படம் வந்தது, நீலக்கொடி வந்தது, சிறுத்தைகள் வந்தார்கள். புரட்சி தராத விடுதலையில் ஒரு பங்கைப் பெங்களூர்க் கூலி தந்தது. நத்தத்தில் எரிந்ததும் அதுதான். பீரோவை உடைத்து நகையை எடுத்துக்கொண்டு, பள்ளிச் சான்றிதழோடு வீட்டைக் கொளுத்தியிருக்கிறார்கள். முப்பது வருசத்துக்கு முந்தி அடமானப் பத்திரத்தை மீட்ட வட்டாரத்தில், சேரியின் சான்றிதழ்கள் சாம்பலாயின.

அந்த வருசமே மாமல்லபுரம் சித்திரை விழா மேடையில் கலப்பு மணத்துக்கு எதிராகப் பேசினார்கள். அப்புறம் 'நாடகக் காதல்' என்று ஒரு சொல்லை நாடு பூராவும் சுற்றவிட்டார்கள். நத்தம் வன்முறைக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று பா.ம.க. மறுத்தது. வழக்கு விவகாரம் அதன் பாட்டுக்குப் போகட்டும். நம் கேள்வி கட்சிக்காரர்களுக்கு. மரம் வெட்டிப் பாதை மறித்த கூட்டத்துக்கு முன்னால், 'எங்க பிணத்தத் தாண்டிப் போங்கடா' என்று குறுக்கே விழ எத்தனை பழைய தோழர்கள் மிச்சமிருந்தார்கள்? அப்புறம் வந்தார்கள். உண்மை அறியும் குழுவாக, கண்டனக் கூட்டமாக, நிவாரண அரிசியாக வந்தார்கள். அதையும் மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த மூணு நாலு மணி நேரம் சேரி தனியாகத்தான் இருந்தது.

4

சாதியைப் பார்த்தவர் யாருமே இல்லையா என்றால், இருந்தார்கள். தமிழரசன் 1985ல் மீன்சுருட்டி மாநாட்டில் சாதி ஒழிப்பையும் தமிழக விடுதலையையும் சேர்த்து வைத்து அறிக்கை கொடுத்தார். இடைநிலைச் சாதியில் பிறந்த ஒரு நக்சல்பாரி அப்படி எழுதியது பெரிய காரியம். அவரைப் போற்றுகிற பல குழுக்கள் அந்த அறிக்கையில் ரெண்டாவது பாதியை வைத்துக்கொண்டு முதல் பாதியை அலமாரியில் போட்டுவிட்டன. விளைவு? அவர் செத்த அதே பொன்பரப்பியில், 2019 ஏப்ரல் 18 நாடாளுமன்றத் தேர்தல் அன்று சேரி வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. பாலனின் நாயக்கன்கொட்டாய், தமிழரசனின் பொன்பரப்பி. தமிழ்நாட்டுப் புரட்சியின் ரெண்டு புண்ணியத் தலங்களிலும் இதே கதை. ஒரு ஊரில் நடந்தால் விபத்து என்று சொல்லலாம். ரெண்டு ஊரிலும் நடந்தால் கொள்கையில் ஓட்டை என்று அர்த்தம்.

ஆந்திராவில் இந்த ஓட்டையை உள்ளேயிருந்தே காட்டினவர் ஒருத்தர் உண்டு. கே.ஜி.சத்தியமூர்த்தி, சிவசாகர் என்ற பேரில் கவிதை எழுதினவர், மக்கள் யுத்தக் கட்சியைத் தொடங்கினவர்களில் ஒருவர், தலித். 1985 ஜூலையில் காரம்சேடுவில் தலித்துகள் வெட்டிக் கொல்லப்பட்ட அந்தக் காலத்தில், கட்சிக்குள் சாதிக் கேள்வியை எழுப்பினார். கட்சியில் அவருக்கு இடமில்லாமல் போயிற்று. தலித் மகாசபைப் பக்கம் வந்தார். 1989ல் காரம்சேடுப் படுகொலையின் முக்கியப் புள்ளியை மக்கள் யுத்தம் கொன்றது. 1968ல் 44 பேர் எரிக்கப்பட்ட கீழவெண்மணிக்கும் இப்படித்தான். 1980 டிசம்பரில் கோபாலகிருஷ்ண நாயுடு கொல்லப்பட்டார். நமக்காகக் கொல்ல கட்சி தயார். நம்மைத் தலைமையில் உட்காரவைத்து நம் கேள்வியைக் கேட்கத்தான் தயாரில்லை. பழிவாங்கித் தருவது வேறு, பங்கு தருவது வேறு. சத்தியமூர்த்தி 2012 ஏப்ரலில் இறந்தார். ஏழு மாசம் கழித்து நத்தம் எரிந்தது.

பொருளாதாரத்தை மட்டும் மாற்றினால் போதும் என்கிற சோசலிஸ்டுகளைப் பார்த்து, எந்தப் பக்கம் திரும்பினாலும் வழியில் சாதி நிற்கும், அதைத் தீர்க்காமல் நீங்கள் நகர முடியாது என்ற பொருளில் அம்பேத்கர் 1936லேயே எச்சரித்தார். தோழர்கள் அதைப் படிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். எண்பதுகளின் தர்மபுரியில் படிக்க வேண்டிய புத்தகம் என்று நினைக்கவில்லை, அதுதான் சங்கதி.

5

இனி நம் பக்கத்துக்கு. நாமும் ஒரு தப்புச் செய்கிறோம். நக்சல்பாரி இயக்கம் மொத்தமும் ஊர்க்காரன் இயக்கம், நமக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை என்று நம் மேடைகளில் ஒரே வரியில் தள்ளுகிறோம். அப்படித் தள்ளினால் அதில் போன சேரிப் பையன்களையும் சேர்த்துத் தள்ளுகிறோம். அஜந்தாவில் சுடப்பட்டவர்களிலும், 2002 நவம்பரில் ஊத்தங்கரையில் பிடிபட்டுப் பொடா சட்டத்தில் சிறைக்குப் போனவர்களிலும் யார் யார் எந்தத் தெருவிலிருந்து போனார்கள் என்று நாமாவது எழுதினோமா? அப்போது டம்ளரை உடைத்த கைகளில் நம் கையும் இருந்தது. அந்தக் கையைச் சிலைக்காரர்களுக்கு இனாமாகக் கொடுத்துவிட வேண்டியதில்லை.

இன்னொன்று. சாதியை உதறிவிட்டுச் சேரியில் சாப்பிட்டு, சேரியில் படுத்து, அடி வாங்கி, அப்புறம் ஊரால் ஒதுக்கப்பட்ட வன்னியத் தோழர்களும் இந்த மாவட்டத்தில் உண்டு. கொடி மாறாத ஆட்கள். அவர்களை அவர்கள் கட்சியும் மறந்தது, நாமும் மறந்தோம். சாதிச் சங்கத்துக்கு ரொம்ப வசதி. இப்படி ஒருத்தன் இருந்தான் என்பதே தெரியாமல் போனால், இனிமேல் ஒருத்தன் இருக்க முடியும் என்பதும் தெரியாமல் போகும்.

எழுதுகிற மாணவர்களுக்கும் தோழர்களுக்கும் சொல்வது இதுதான். அடுத்த நினைவு மலர் போடுகிறபோது 'மக்கள்' என்று எழுதுகிற இடத்திலெல்லாம் எந்தத் தெரு என்று எழுதுங்கள். அந்தக் காலத்துப் பெரிசுகள் எண்பதைத் தொடுகிறார்கள். ஊரிலும் கேளுங்கள், சேரியிலும் கேளுங்கள், குறிப்பாகப் பொம்பளைகளிடம் கேளுங்கள்: நீங்க எதுக்காகப் போனீங்க, எப்போ விலகினீங்க, 2012 நவம்பர் 7 சாயந்திரம் எங்க இருந்தீங்க? மூணாவது கேள்விக்குப் பதில் சொல்ல யோசிப்பார்கள். அந்த யோசனையிலிருந்துதான் வரலாறு எழுத ஆரம்பிக்க முடியும்.

செப்டம்பர் 12 ஊர்வலங்கள் எந்தக் கோஷ்டியுடையதாக இருந்தாலும் சரி, சிலைக்கு மாலை போட்டதோடு கலையாமல் நத்தத்துக்குள் வரட்டும். முழக்கம் போடவேண்டாம். வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு டம்ளர் டீ குடிக்கட்டும். பாலனுக்கு நாங்கதான் வாரிசு என்று யார் சொல்வது பொருத்தம் என்பதை அந்தத் தெரு முடிவு செய்யட்டும்.